மந்தமும் மனையும்

'மந்தம்' என்னுஞ் சொல் நம் தாய்மார்க்குப் புதியதன்று. குழந்தை பாலுண்ண மறுப்பின் வயிறு மந்தம் என்பர். பாடம் மனத்திற் பதியாத மகனைப் புத்தி மந்தம் என்று நொந்துகொள்வர். முன்னையதற்கு ஓமநீர் உண்டு; பின்னையதற்கு ஆசிரியர் உளர். நாட்டின் பொருள்நிலைக்கும் ஒரு மந்தம் வருவதுண்டு. அதற்கு மருந்து இன்னதென்று பொருளாதாரப் புலவர் இன்னும் ஒருமுகமாய்க் கூறினாரில்லை. எனினும் இலக்கணம் மட்டும் வகுத்து வைத்துள்ளனர். ஒரு நாட்டில் விளைவனவும் செய்யப்படுவனவுமாகிய எல்லாவற்றின் மொத்த மதிப்பு அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் சுருங்குமாயின், அந்நாடு மந்தத்துள் வீழ்ந்தது எனப் பொதுவாகக் கொள்வர்.

தமிழிலக்கணம் பயிலும் மாணவனாகிய எனக்கு இச்சூத்திரத்தின் சுருக்கம் உவப்பானதே. ஆயினும் நம் இலக்கண நூலார், சூத்திரத்துள் அடங்காது நிற்பவற்றைத் தழுவிக்கொள்ளுதற்குப் புறனடை என ஒன்று கூறுவர். பொருளாதாரச் சூத்திரத்திற்கும் அத்தகைய புறனடையொன்று வேண்டும் என்பது என் எண்ணம். நாட்டின் கணக்கில் மந்தம் முடியும் நாள் ஒன்று. வீட்டின் கணக்கில் அது முடியும் நாள் மற்றொன்று. அவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் ஆண்டுகளை எந்தக் காலாண்டு அறிக்கையும் எண்ணுவதில்லை. இதனை யான் முதலில் நூல்களிற் கற்றிலேன்; எங்கள் வீட்டிற் கற்றேன். ஆதலின் அவ்வீட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையின் செந்தேரிக் காட்டில் பனையை நம்பி வாழ்ந்தவர். பனையேற்றம் வயிற்றுக்குப் போதாத காலத்து, என் தந்தையார் தம் பதினேழாம் வயதில் திருப்பூருக்கு இரயிலேறினார். நொய்யலாற்றங்கரையிலுள்ள அவ்வூர், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியிற் பாதிக்கும் மேற்பட்ட பங்கினைத் தன் கையில் வைத்திருப்பது. அங்கே ஒரு சட்டை ஒரே கூரையின்கீழ்ப் பிறப்பது அரிது. நூல் வாங்குவது ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், அச்சடிப்பது ஓரிடம், வெட்டித் தைப்பது ஓரிடம். ஒவ்வோரிடத்திற்கும் ஒரு முதலாளி. முதலாளிக்குக் கீழே காண்டிராக்டர். காண்டிராக்டருக்குக் கீழே டெய்லர். டெய்லரின் பக்கத்தே கைமடி. அப்பால் பிசிறு வெட்டுவோர், செக்கிங் பார்ப்போர், அயனிங் செய்வோர், அடுக்கிக் கட்டுவோர். என் தந்தையார் ஓவர்லாக் டெய்லர். என் தாயார் கைமடியாய்ச் சேர்ந்து பின்னர்ச் செக்கிங்கிற்கு மாறியவர். கூலி பீஸ் கணக்கு. கணக்குத் தீர்ப்பது சனிக்கிழமை மாலை. எங்களைப் போன்ற குடும்பங்களின் காலம் திங்கட்கணக்கில் ஓடுவதன்று. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஓடுவது. வீட்டு வாடகை ஒன்றொழிய, மளிகைக் கடைப் பற்றும், சீட்டுத் தவணையும், மகளிர் குழுக்கடனும் யாவும் வாரக் கணக்கே.

நிற்க. 2020 மார்ச்சு 25 ஆம் நாள் நாடு முழுதும் அடைக்கப்பட்டது. கொள்ளைநோயினால் வந்த அவ்வடைப்பினை யாவரும் அறிவராதலின் அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. நோய்க்கு அஞ்சி மூடிய கதவு சில வாரங்களிற் சிறிது சிறிதாய்த் திறந்தது. கதவு திறந்த பின்னும் வேலை வாராதிருந்ததே யான் சொல்லப் புகுந்த மந்தம்.

அஃது எவ்வழியாய் வந்தது என்பதை என் தந்தையார் ஒரு நாள் இரவு எனக்கு விளக்கினார். மேலைநாடுகளில் துணிக்கடைகள் மூடிக் கிடந்தன. அங்குள்ள வணிகருட் சிலர் கொடுத்த ஆர்டரை நீக்கினர். சிலர் சரக்கினைப் பின்னர் அனுப்புக என்றனர். சிலர் பெற்றுக்கொண்ட சரக்கிற்கே பணந் தருதற்குக் காலம் நீட்டினர். இங்குள்ள ஏற்றுமதியாளரோ நூலைக் கடனுக்கு வாங்கி, சாயமேற்றி, பாதி தைத்தும் வைத்திருந்தார். அவருக்குப் பணம் வாராமையின் சாயப்பட்டறைக்குப் பணம் போகவில்லை, நிட்டிங்காரருக்குப் போகவில்லை, காண்டிராக்டருக்குப் போகவில்லை, காண்டிராக்டர் சனிக்கிழமை மாலையிற் செல்பேசியை அணைத்து வைத்தார். எங்கோ ஒரு பெருநகரத்தில் ஒருவர் தம் கடைக்கதவைச் சாத்திய ஓசை, எங்கள் தெரு மளிகைக் கடையின் பற்றேட்டில் வந்து கேட்டது.

இதில் யாரையுங் கொடியவர் என்று கூற எனக்கு மனமில்லை. காண்டிராக்டரும் கடன்பட்டவரே, அவருக்கு வேலை கொடுத்த முதலாளியும் வங்கிக்குப் பதில் கூற வேண்டியவரே. ஆயினும் ஓர் உண்மை உண்டு. பணம் மேலிருந்து கீழே இறங்குங்கால் படிதோறுஞ் சிறிது தங்கும். நட்டம் இறங்குங்காலோ ஒரு படியிலுந் தங்குவதில்லை. ஒவ்வொருவரும் இயன்ற மட்டும் அதனைத் தமக்குக் கீழுள்ளவரிடம் தள்ளிவிடுவர். கடைசிப் படியில் நிற்பவர் தள்ளுதற்கு அவருக்குக் கீழே யாருளர்? அவருடைய வீட்டார் உளர், அவ்வளவே.

அடைப்புக் காலத்திற்கு முழுக்கூலி கொடுத்தல் வேண்டும் என மார்ச்சு 29 ஆம் நாள் நடுவணரசு ஆணையிட்டதும் உண்மை. மே 17க்குப் பின் அவ்வாணை நில்லாதொழிந்ததும் உண்மை. எங்கட்கு அவ்விரண்டும் ஒன்றே. பீஸ் கணக்கிற்குத் தைப்பவர் தையாத நாளுக்கு முழுக்கூலி யாது? பூச்சியத்தை எதனாற் பெருக்கினும் பூச்சியமே. வேலையிழந்த தொழிலாளர்க்குச் சராசரிக் கூலியிற் பாதியினை 90 நாள்வரை கொடுத்தற்கு ஈ.எஸ்.ஐ. நிறுவனமும் அவ்வாண்டில் வழி செய்தது. பதிவேட்டிற் பெயருடையார்க்கு அது நல்ல துணை. பெயர் காண்டிராக்டரின் சட்டைப்பைக் குறிப்பேட்டில் மட்டும் உள்ளவர்க்கு அது செய்தித்தாளிற் படித்து மகிழ்தற்குரியதொரு செய்தி.

இனி, மந்தம் வீட்டினுள் நடக்கும் முறையைக் கூறுவேன். அது திருடனைப்போல் ஒரே இரவில் எல்லாவற்றையும் அள்ளிச் செல்வதன்று. விருந்தினர்போல் வந்தமர்ந்து, ஒவ்வொன்றாய்க் கேட்டு வாங்குவது. எங்கள் வீட்டில் முதலிற் போனது ஞாயிற்றுக்கிழமை இறைச்சி. அதனை இழப்பென்று ஒருவருங் கூறவில்லை; வெயில் நாளில் இறைச்சி உடம்பிற்கு ஆகாது என்றார் அம்மா. அடுத்துப் பால் நின்றது. கடுங்காப்பி குடித்தால் சளி பிடியாது என்றார் அப்பா. இவ்வாறு ஒவ்வோர் இழப்பிற்கும் ஒரு நற்காரணம் கற்பிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் வளர்ந்தது. மூன்றாவது போனது சீட்டு. தவணை தவறியவர்க்குத் தள்ளுபடியும் இல்லை, ஏலங் கேட்கும் உரிமையும் இல்லையாதலின், கட்டிய பணம் கைக்கெட்டாத் தொலைவிற் கிடந்தது. நான்காவது, அப்பாவின் ஆயுள் காப்பீட்டுத் தவணை.

ஐந்தாவது போனது வீடு. எங்கள் காம்பவுண்டில் ஓரறை வீடொன்றில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் நால்வர் குடியிருந்தனர். மே முதல் நாளிலிருந்து தொழிலாளர்க்கென விடப்பட்ட சிறப்பு இரயிலொன்றில் அவர்கள் ஊர் சென்றனர். செல்லுங்கால் தம் அடுப்பையும் இரண்டு பாத்திரங்களையும் அம்மாவிடம் ஒப்படைத்து, திரும்பி வந்து பெற்றுக்கொள்வோம் என்று கைக்குறியாற் கூறினர். அவர்கள் விட்டுச் சென்ற அவ்வோரறைக்கே ஜூன் திங்களில் நாங்கள் இரண்டறை வீட்டை விட்டு மாறினோம். வாடகை ஏறத்தாழப் பாதியாயிற்று. அவர்களுடைய அடுப்பும் பாத்திரமும் பழைய இடத்திற்கே மீண்டன, உரியவர் மீளவில்லை.

ஆறாவது போனது நகை. ஏழாவது போனது படிப்பு. இவ்விரண்டையுந் தனியே கூற வேண்டும்.

அம்மாவின் வளையல் நான்கும், அக்காவிற்கென்று வாங்கி வைத்த சங்கிலியொன்றும், ஆக ஐந்து பவுன் எங்களிடம் இருந்தது. 2020 ஆகஸ்டில் பொன்விலை அதற்குமுன் காணாத உயரம் ஏறிற்று. சென்னையில் ஆபரணப் பொன் பவுன் 43,000 ரூபாயைக் கடந்தது. அத்திங்கள் 6 ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி, நகையின் மதிப்பில் 100க்கு 75 வரை வங்கிகள் கொடுத்து வந்த கடனை 90 வரை கொடுக்கலாம் என்று 2021 மார்ச்சு 31 வரை இசைவளித்தது. ஏழைக்கு இது பெரிய உதவியாய்த் தோன்றும். அன்று எங்கட்கும் அவ்வாறே தோன்றிற்று. ஐந்து பவுனும் ஒரு வங்கிக்குச் சென்றது; மளிகைப் பற்று தீர்ந்தது; குழுக்கடன் தீர்ந்தது. ஆனால் ஏறிய பொன் இறங்கிற்று. 2021 மார்ச்சில் பவுன் 34,000 ரூபாய் அளவிற்கு வந்தது. ஈட்டின் மதிப்பு கடனுக்குக் கீழே போயிற்றாதலின் குறைந்த தொகையைக் கட்டுக என்று கடிதம் வந்தது. கட்ட இயலவில்லை, நகை ஏலத்திற்குப் போயிற்று. 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயையுங் கடந்தது. இரண்டு பேர் ஓவர்டைம் பார்த்தாலும் அவ்வைந்து பவுனை மீட்டு வாங்குதல் எங்கட்குக் கனவே.

இந்நிகழ்ச்சி எங்கள் குடும்பத்திற்குப் புதியதன்று என்பதனைப் பின்னர் ஆச்சியிடம் அறிந்தேன். ஆச்சி இன்றுந் தேரிக்காட்டு வீட்டில்தான் இருக்கிறார். அவருடைய பாட்டியாருக்குத் தோளைத் தொட வடித்த காது இருந்ததாம். அக்காதிற் பாம்படம் இல்லையாம். பேரப்பிள்ளைகள் அவ்வெறுங்காதின் துளையில் விரலை நுழைத்து விளையாடுவராம். பாம்படம் எங்கே போயிற்று என்று கேட்டால், "கருப்பட்டி வெல கெட்ட வருசத்துல போச்சு" என்பாராம் அம்மூதாட்டி. அவ்வருடம் யாதென்று ஆச்சிக்குத் தெரியாது. நம் கல்லூரி நூலகத்தில் வரலாறு கற்றபோதுதான் எனக்கு விளங்கிற்று.

1929 அக்டோபரில் நியூயார்க்கு நகரத்துப் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனையடுத்த ஆண்டுகளில் உலகெங்கும் விளைபொருள்களின் விலை சரிந்தது. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. மலாய் நாட்டில் இரப்பர் விலை வீழ்ந்தமையால் அங்கே பால்வெட்டச் சென்ற தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்திறங்கினர். விலை பாதியாயினும் நிலவரி பாதியாகவில்லை. பட்ட கடனும் பாதியாகவில்லை. அந்நிலையில் 1931 செப்டம்பர் 21 ஆம் நாள் பிரிட்டன் பொன் நாணய முறையைக் கைவிட்டது. ரூபாய் அந்நாட்டுப் பவுண்டுடன் பிணைக்கப்பட்டிருந்தமையால் ரூபாய்க் கணக்கிற் பொன்விலை உயர்ந்தது. உயர்ந்த விலை கண்டு ஊரூராய்ப் பொன் வெளிவந்தது. பம்பாய்த் துறைமுகத்தின் வழியே கடல்கடந்து சென்றது. கோடி கோடியாய்ச் சென்ற அப்பொன்னினால் நாட்டின் செலாவணிக் கணக்கு நேராயிற்று என்று அக்காலத்து அதிகாரிகள் மகிழ்ந்தனர். அக்கணக்கினை நேராக்கிய பொன்னுள் எங்கள் மூதாட்டியின் பாம்படமும் ஒன்றாதல் கூடும். ஆச்சி கூறுவார்: "எய்யா, கருப்பட்டி வெல பெறவு ஏறிச்சு, பாம்படம் திரும்பல." பொருளாதார மந்தத்தைப் பற்றி யான் கற்றவற்றுள் இதனினுஞ் சுருங்கிய உரை வேறில்லை.

இனிப் படிப்பினைக் கூறுவேன். என் தமக்கை என்னினும் மூன்று வயது மூத்தவள். மேல்நிலைத் தேர்வின் கடைசித் தாளை அவள் எழுதியது அடைப்பிற்கு முந்திய நாள். முடிவு வந்தது ஜூலை 16. செவிலியர் கல்வியில் சேர வேண்டும் என்பது அவள் எட்டாம் வகுப்பிலிருந்து கூறி வந்த விருப்பம். மதிப்பெண் இருந்தது, ஒரு கல்லூரியில் இடமுங் கிடைத்தது. முதற்றவணையினைக் கட்டுதற்குரிய நாளும் குறிக்கப்பட்டது. அந்நாளில் எங்கள் கையிலிருந்தது வங்கியில் நகை வைத்துப் பெற்றதில் எஞ்சிய சிறு தொகை. கட்டணம் ஒன்றே தடையாயின் உதவித்தொகை உண்டு, கல்விக்கடன் உண்டு என்று கூறுவார் உளர். அவர் கூற்றுப் பொய்யன்று. ஆயினும் அன்றைய எங்கள் வீட்டிற்குத் தேவையாயிருந்தது அவளுடைய கட்டணத்தின் மிச்சம் மட்டுமன்று. அவளுடைய கையின் கூலி. அப்பாவிற்கு வாரத்தில் இரண்டு மூன்று ஷிப்டே கிடைத்தது. அம்மாவிற்கு அதுவும் இல்லை. ஒரு கம்பெனியிற் செக்கிங்கிற்குச் சிறுபெண்களை எடுக்கின்றனர் என்று கேள்வியுற்று, செப்டம்பரில் அக்கா வேலைக்குச் சென்றாள். ஓராண்டு மட்டும் என்றார் அப்பா. ஓராண்டு மட்டும் என்றாள் அவளும். கல்லூரியில் அவ்விடத்தினை ஓராண்டு காத்து வைத்தற்கு விதியில்லை. அவ்விடம் பிறர்க்குப் போயிற்று, அவ்வோராண்டு ஐந்தாண்டாயிற்று.

யான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னையும் நிறுத்தலாம் என்ற பேச்சு ஒரு நாள் எழுந்தது. அதனை நிறுத்தியவள் அக்காவே. "ஒருத்தர் நின்னா போதும்" என்றாள். பின்னர் அதனைப் பற்றி ஒருபோதும் பேசினாளில்லை. இன்று இக்கல்லூரியில் யான் தொல்காப்பியமுஞ் சங்க நூலுங் கற்பது, பின்னலாடையில் ஓட்டையும் கறையும் தேடுங் கண்கள் இரண்டின் உழைப்பினால் என்பதனை எழுதாவிடின் இக்கட்டுரை முழுமையுறாது.

திருவள்ளுவர் நல்குரவு என்றோர் அதிகாரம் வகுத்து, அதன்பின் இரவு என்பதனையும், அதன்பின் இரவச்சம் என்பதனையும் வைத்தார். வறுமை வரும்; வறுமையால் இரத்தல் வரும்; இரத்தலுக்கு அஞ்சுதல் அதன்பின் கூறப்படும். எங்கள் வீட்டில் யான் கண்டது இவ்வரிசையன்று. இரவச்சம் முதலில் வந்து வாயிலில் நின்றது. அதனால் இரவு உள்ளே நுழைய இயலவில்லை. இரண்டிற்கும் இடையே கைமாற்று நுழைந்தது. கைமாற்று வாங்குவார் தம்மை இரப்பார் என்று எண்ணுவதில்லை. சனிக்கிழமை திருப்பித் தருவேன் என்றே வாங்குவர். சனிக்கிழமைகள் வெறிதே கழியக் கைமாற்று வட்டிக்கடனாகும். ரிசர்வ் வங்கி மார்ச்சு 27 ஆம் நாள் கடன் தவணைகட்கு மூன்று திங்கள் விடுப்பளித்து, பின்னர் அதனை ஆகஸ்டு 31 வரை நீட்டிற்று. அது தவணைக்கு விடுப்பேயன்றி வட்டிக்கு விடுப்பன்று. மேலும், காலையிற் கொடுத்து மாலையில் வாங்கும் தண்டல்காரரை அவ்வறிவிப்பு எட்டவேயில்லை. கொடிய பசியை யாங்கள் அறிந்திலேம். ஆனால் நல்குரவின் முழு ஆழத்திற்கு இறங்காமலே அதன் விளிம்பிற் பல திங்கள் நடத்தல் எத்தகையது என்பதனை அறிந்தோம்.

நன்மையும் கூறல் வேண்டும். தமிழ்நாட்டில் அரிசி பெறும் அட்டையுடையார்க்கு அவ்வாண்டு ஏப்ரலில் 1,000 ரூபாயும், விலையின்றி அரிசி, பருப்பு, எண்ணெய், சருக்கரை ஆகியனவும் கொடுக்கப்பட்டன. எங்கள் அட்டை சொந்த ஊரின் பெயரிலேயே இருந்தமையால் அவ்வரிசி ஆச்சியின் வீட்டிற் குவிந்தது. எங்கள் அடுப்பிற்கு வரவில்லை. எந்தக் கடையிலும் பெறலாம் என்னும் முறை மாநிலமெங்கும் அக்டோபரில் வந்தபின் அக்குறை நீங்கிற்று. அதுவரை எங்கள் சபையார் கொடுத்த அரிசியும், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தம் அட்டைக்கு வந்ததில் அளந்து கொடுத்த நாலு படியுமே எங்களைக் காத்தன. அவர் கொடுத்தது வேறு சமயத்தவர்க்கு, வேறு சாதியார்க்கு. அளந்துதான் கொடுத்தார், ஆனால் திரும்பி அளந்து வாங்க மறுத்தார்.

இப்பொழுது நாட்டின் கணக்கினைப் பார்ப்போம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி, முதற் கணிப்பின்படி, முந்திய ஆண்டின் அக்காலாண்டினும் 23.9 விழுக்காடு குறைந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை 7.5 விழுக்காடு குறைந்தது. இரண்டு காலாண்டு ஆயிற்றாதலின் மந்தம் என்றனர். அக்டோபர் முதல் திசம்பர் வரை 0.4 விழுக்காடு வளர்ந்தது என்று 2021 பிப்ரவரியிற் கணிப்பு வெளிவந்தது. மந்தம் முடிந்தது என்றனர். அம்முடிவினைச் செய்தித்தாள் அறிவித்த மறு திங்களில்தான் எங்கள் வளையல் ஏலத்திற்குப் போயிற்று. திருப்பூரின் ஏற்றுமதி 2020–21இல் ஏறத்தாழ 25,000 கோடி ரூபாயாயிருந்து, 2021–22இல் 33,000 கோடியைக் கடந்தது. இக்கணக்குகள் யாவும் மெய்யே. கம்பெனிகள் இரவும் பகலும் ஓடின. அப்பாவிற்கு வாரத்தில் ஒன்பது ஷிப்டுங் கிடைத்தது. அக்காவின் கையும் அவ்வளர்ச்சியில் ஓர் அணுவளவு சேர்ந்திருக்கும்.

வளர்ச்சி மீண்டபோது எங்கள் வீட்டில் மீண்டவை எவை? முதலிற் பால் மீண்டது. பின்னர் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி மீண்டது. ஈராண்டு சென்று புதுச் சீட்டொன்று தொடங்கினோம். இரண்டறை வீட்டிற்கு மறுபடியும் போயினோம். இழந்த வரிசையில் முன்னே போனவை முன்னே மீண்டன. பின்னே போனவை மீளவில்லை. பாலும் இறைச்சியும் இன்றைக்கு உரியவை. சீட்டும் காப்பீடும் நாளைக்கு இட்ட வேலி. நகையும் படிப்புமோ நாளையே. இன்றைக்கு உரியதனை இழந்தவர் மற்றொரு சனிக்கிழமை அதனைப் பெறுவர். நாளையினைக் கொடுத்து இன்றினை மீட்டவர்க்கு அந்த நாளை எந்தச் சனிக்கிழமையிலும் வாராது. வெளியிலிருந்து காண்பவரோ அடுப்பிற் பால் பொங்குவதைக் கண்டு, இவ்வீடு தேறிற்று என்று எழுதிச் செல்வர்.

மந்தம் ஒருமுறை வந்து போவதுமன்று. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனம் வீழ்ந்தபின் திருப்பூரில் ஆர்டர் குறைந்ததனை அப்பா இன்றும் கூறுவார். 2011 சனவரியில் நொய்யலின் மாசு பற்றிய வழக்கில் உயர்நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆறு பிழைத்தல் வேண்டும் என்பது அறமேயாயினும், அவ்வறத்தின் கூலியையும் கீழ்ப்படியினரே முதலிற் கொடுத்தனர். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்க நாடு இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தது. அச்செய்தி வந்த வாரம் யான் வீட்டிற்குப் பேசினேன். வரியைப் பற்றி அம்மா ஒன்றுங் கேட்கவில்லை. "எய்யா, ஒம் பரீட்சப் பணம் கட்டியாச்சா?" என்று மட்டுமே கேட்டார். கட்டியாயிற்று என்றேன். "அப்பஞ் சரி" என்றார். கைக்கெட்டும் காசினைக் கொண்டு முதலிற் காக்க வேண்டியது எது என்பதனை முந்திய மந்தம் அவருக்குக் கற்பித்திருந்தது. வரிசை மாறிவிட்டது: இம்முறை பால் போகலாம், வீடு போகலாம், படிப்பு போதல் கூடாது.

ஓர் ஏழைத்தாய் கற்றுக்கொண்டதனை நாடும் கற்றுக்கொள்ளலாகாதா? இவ்விதழினைப் படிப்பவருள் தொழில் நடத்துவோர் உளர். வங்கியிலும் அலுவலகத்திலும் பொறுப்பு வகிப்போர் உளர். கல்லூரிகளில் இடம் வழங்கும் அதிகாரமுடையார் உளர். என்னுடன் பயிலும் தோழரும் உளர். அவர்கள்பால் என் வேண்டுகோள் பெரிதன்று. தொழில் நடத்துவோர் தம்மிடம் வேலை செய்வார் பெயரைக் குறிப்பேட்டிலிருந்து பதிவேட்டிற்கு மாற்றுக. மந்தத்தில் அப்பெயரே அரைக்கூலி. ஈட்டின்மேல் கடன் கொடுப்போர், விலை இறங்கிய திங்களில் ஏலங் கூறாது சிறிது பொறுக்க வழியுண்டாயின் பொறுக்க. கல்லூரி நடத்துவோர், குடும்பத்தின் கூலி நின்றமையால் சேர இயலாத மாணவர்க்கு அவர் பெற்ற இடத்தினை ஓராண்டு காத்து வைக்க. ஓர் இருக்கை ஓராண்டு வெறிதே கிடப்பதனால் கல்லூரிக்கு வரும் இழப்புச் சிறிது; அவ்விருக்கை போனமையால் ஒரு பெண்ணிற்கு வரும் இழப்பு வாழ்நாளளவு. தோழர்களோ, தாம் கட்டும் கட்டணம் யாருடைய படிப்பு நின்றமையால் வந்தது என்று தத்தம் வீட்டில் ஒருமுறை உசாவுக.

அக்காவிற்கு இப்பொழுது அகவை இருபத்திரண்டு. செவிலியர் கல்விக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று யான் கூறுவதுண்டு. உன் படிப்பு முடியட்டும் என்று அவள் கூறுவதுண்டு. அது முடிய இன்னும் ஓராண்டு உளது. அதன்பின் அவளுடைய முறை. இதனை அச்சிலேற்றுதற்கும் காரணம் உண்டு: எழுதியதனை மறுத்தல் எனக்கு அரிதாகும்.

ஆகவே, முன்னர்க் கூறிய சூத்திரத்திற்கு என் புறனடை இது. உற்பத்தி இரண்டு காலாண்டு சுருங்குதல் மந்தத்தின் தொடக்கம். அவ்வளவில் அச்சூத்திரம் செல்லும். அது முடிந்தது எனக் கொள்ளுதற்கு உற்பத்தி வளர்தல் மட்டும் போதாது. விற்ற வளையலும் விட்ட படிப்பும் வீடு திரும்புதல் வேண்டும். அவை திரும்பாத வீடுகளில், ஆண்டு பல சென்றும், மந்தம் நடந்துகொண்டே இருக்கிறது.